0.22 ஃபில்டர்ல பெப்டைடு ஒரு சொட்டு கூட இறங்கல, வடிகட்டாம போடலாமா?

முகிலன்07
அவசரம். பெப்டைடு (சின்னப் புரதத் துண்டு மாதிரியான பொருள்) பொடி இருக்கிற குப்பியில தண்ணி கலந்தாச்சு. ஊசி போடுறதுக்கு முன்னாடி, சிரிஞ்சு முனையில மாட்டுற 0.22 மைக்ரான் ஃபில்டர்ல வடிகட்டலாம்னு பார்த்தா எதுவுமே வெளிய வரல. விரல் வலிக்குற வரைக்கும் அழுத்தியாச்சு. ஃபில்டர் புதுசு, இப்பதான் கவர் பிரிச்சேன். பெப்டைடு அடைச்சிருச்சா? வடிகட்டாம அப்படியே போட்டுக்கலாமா?

தேன்சிட்டு
எந்த பெப்டைடு? எத்தனை மி.கி., எத்தனை மி.லி. தண்ணி? சாதா ஸ்டெரைல் வாட்டரா, பேக்டீரியோஸ்டேட்டிக்கா (கிருமி வளராம இருக்க மருந்து சேர்த்த தண்ணி, சுருக்கமா பேக் வாட்டர்)? கரைசல் தெளிவா இருக்கா, கலங்கலா இருக்கா? எத்தனை மி.லி. சிரிஞ்சு? இது தெரியாம யார் பதில் சொன்னாலும் குத்துமதிப்புதான்.

வடிமுனை
அதோட ஃபில்டர் கவர்ல சவ்வு என்னன்னு போட்டிருக்கும், அதையும் பார்த்துச் சொல்லுங்க. பி.இ.எஸ்.ஸா, பி.வி.டி.எஃப்.பா, நைலானா, பி.டி.எஃப்.இ.யா? எல்லாம் சவ்வு செய்யுற பிளாஸ்டிக் வகைகள்.

கார்த்திகை
ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த கையோட அழுத்தியிருப்பீங்க. குளிர்ல சில பெப்டைடு கூழ் மாதிரி ஆகலாம். அரை மணி நேரம் வெளிய வெச்சுட்டுப் பாருங்க.

அளவுகோல்
மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். ஃபில்டர் என்றால் ஏதோ ஒரே பொருள் என்ற நினைப்பு. 0.22 மைக்ரான் என்பது 220 நானோமீட்டர். பெப்டைடு மூலக்கூறு ஓரிரு நானோமீட்டர்தான். நன்றாகக் கரைந்த பெப்டைடு அந்தத் துளையை அடைக்கவே முடியாது. அடைத்தால் அது கரையவில்லை, திரண்டிருக்கிறது என்று பொருள். இந்த அடிப்படை தெரியாதவர்கள் ஊசியைத் தொடுவதற்கு முன் படிக்க வேண்டும்.

தேன்சிட்டு
படிக்கத்தானே கேட்கிறாங்க சார். முகிலன், விவரம் போடுங்க. அதுவரைக்கும் ஊசி போடாதீங்க.

முகிலன்07
பிபிசி 157 (BPC-157)ங்குற பெப்டைடு, 5 மி.கி., பேக் வாட்டர் 2 மி.லி. 1 மி.லி. சிரிஞ்சுலதான் அழுத்தினேன். நல்லா குலுக்கினதால மேல நுரை இருக்கு, லேசா மங்கலா தெரியுது. கவரைத் தேடுறேன்.

வடிமுனை
இதுலயே மூணு தப்பு இருக்கு.

முதலாவது குலுக்கினது. தண்ணியைக் குப்பியோட உள்சுவர் வழியா மெதுவா இறக்கணும், பிறகு உள்ளங்கைக்கு நடுவுல வெச்சு உருட்டணும். குலுக்கினா காற்றும் தண்ணியும் சேருற பரப்புல பெப்டைடு உருக்குலைஞ்சு திரளலாம். நுரைன்னா தானா அடங்கிடும். அடங்கின பிறகும் மங்கலாவே இருந்தா அது நுரை இல்ல. அதை வடிகட்டித் தெளிய வெச்சாலும் பிரயோஜனம் இல்ல. திரண்ட மருந்து சவ்வுல நின்னுடும், கீழ இறங்கினதுல எத்தனை மி.கி. இருக்குன்னு யாராலயும் சொல்ல முடியாது. அந்தக் குப்பியைக் கழிச்சிடுங்க.

ரெண்டாவது சிரிஞ்சு. 1 மி.லி. சிரிஞ்சோட உள்விட்டம் அஞ்சு மி.மீ.க்கும் கம்மி, 10 மி.லி. சிரிஞ்சோடது ஏறக்குறைய 14.5 மி.மீ. அதே விரல் பலத்துக்குச் சின்ன சிரிஞ்சுல ஒன்பது மடங்கு அழுத்தம் வரும். சவ்வு கிழிஞ்சா மேல பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. திடீர்னு சுலபமா இறங்கும், நாம வழிவிட்டுடுச்சுன்னு சந்தோஷப்படுவோம், உண்மையில வடிகட்டாத தண்ணிதான் இறங்குது. 5 அல்லது 10 மி.லி. சிரிஞ்சு, திருகிப் பூட்டுற லூயர் லாக் முனையோட எடுங்க.

மூணாவது நீங்க இன்னும் சொல்லாத சவ்வு. சுத்தமா ஒரு சொட்டும் வரலன்னா பி.டி.எஃப்.இ.ன்னுதான் நினைக்கிறேன். அது தண்ணியை ஒட்டவிடாத சவ்வு. காற்றுக்கும் கரைப்பான்களுக்கும் உள்ளது.

கார்த்திகை
பி.டி.எஃப்.இ.ன்னா ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கொஞ்சம் விட்டு நனைச்சா தண்ணி இறங்குமே.

வடிமுனை
இறங்கும். ஆய்வகக் கருவிக்குப் போற திரவம்னா அப்படிச் செய்யலாம். சவ்வுல மிஞ்சுற ஆல்கஹால் மருந்தோட தோலுக்கு அடியில போகும், இங்க அது கூடாது. நடுவுல காற்று புகுந்து காய்ஞ்சா மறுபடி நின்னுடும். பெரிய விஷயம் இன்னொண்ணு: அந்த வகை ஃபில்டர் பலது கிருமிநீக்கம் செய்யாம மொத்தமா டப்பாவுல வர்றது. 0.22னு எழுதியிருந்தாலே ஸ்டெரைல்னு அர்த்தம் இல்ல. தனித்தனிக் கவர், அதுமேல ஸ்டெரைல்னு எழுத்து, காலாவதி தேதி மூணும் இருக்கணும்.

சிறுதுளி
நான் சொல்றது நைலான் வேண்டாம்னு. புரதமும் பெப்டைடும் அதுல ஒட்டிக்கும். பி.இ.எஸ். இல்லன்னா நீர் ஏற்கும் வகை பி.வி.டி.எஃப்., ரெண்டும் குறைவா ஒட்டுறது. அளவும் பாருங்க. 25 மி.மீ. ஃபில்டருக்குள்ள சுமார் 0.1 மி.லி. தங்கிடும். 2 மி.லி.யில அது 5 சதவீதம், 5 மி.கி. குப்பியில 0.25 மி.கி. போச்சு. 1 மி.லி.யில கலந்திருந்தா 10 சதவீதம். இவ்வளவு சின்ன அளவுக்கு 13 மி.மீ. ஃபில்டர் போதும்.

வெண்மணல்
இவ்வளவு குழப்பம் எதுக்கு? 0.22ல வடிகட்டினா கிருமி போச்சு, காய்ச்சலும் வராது. செய்யுறது நல்லதுதானே.

அளவுகோல்
தவறு. காய்ச்சலைத் தருவது உயிருள்ள கிருமி மட்டுமல்ல. கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவின் வெளிச்சுவர்த் துகளான எண்டோடாக்சின் 0.22 துளையில் தாராளமாக நுழைந்து போகும். பாக்டீரியா செத்துப்போன பிறகும் அது இருக்கும். கொதிக்கவைத்தாலும் அழியாது. கண்ணாடிக் குப்பிகளில் அதை அழிக்க 250 டிகிரியில் 30 நிமிடம் உலர்சூடு கொடுக்கிறார்கள். பெப்டைடு அதைத் தாங்காது.

வெண்மணல்
நேர்மின்னேற்றம் உள்ள நைலான் சவ்வு எண்டோடாக்சினைப் பிடிக்கும்னு சொல்றாங்களே?

சிறுதுளி
கொஞ்சம் பிடிக்கும். எதிர்மின்னேற்றம் உள்ள பெப்டைடையும் சேர்த்துப் பிடிக்கும். எவ்வளவு பிடிச்சது, எவ்வளவு விட்டதுன்னு வீட்ல அளக்க வழி இல்ல. எண்டோடாக்சினை அளக்குற எல்.ஏ.எல்.ங்குற ஆய்வகச் சோதனை செஞ்சாதான் தெரியும். ஊசி மருந்துக்குப் பொதுவான வரம்பு ஒரு மணி நேரத்துக்கு உடல் எடை கிலோவுக்கு 5 எண்டோடாக்சின் அலகு. அதை ஃபில்டர் கவரை வெச்சு ஊகிக்க முடியாது.

வெண்மணல்
அப்போ வடிகட்டுறதே வீண்னு சொல்றீங்களா?

அளவுகோல்
வீண் என்று எங்கே எழுதியிருக்கிறேன்? காட்டுங்கள்.

தேன்சிட்டு
ரெண்டு பேரும் நிறுத்துங்க, முகிலன் கேட்டது அப்படியே நிக்குது. நான் பிரிச்சுச் சொல்றேன்.

மருந்தகத்துல வாங்கின, மருத்துவர் எழுதிக் கொடுத்த ஊசி மருந்தா இருந்தா, அதோட வர்ற குறிப்புத் தாள்ல சொல்லாம வடிகட்டவே கூடாது. தயாரிக்கிற இடத்துலயே தூய்மை அறைக்குள்ள கிருமிநீக்கம் செஞ்சு அடைச்சது அது. வீட்ல அதை இன்னொரு குப்பிக்கு மாத்துறதுல புதுசா கிருமி சேருற வாய்ப்புதான் கூடும்.

ஆய்வுக்கு மட்டும்னு எழுதி வர்ற பொடின்னா நிலைமை வேற. அது ஸ்டெரைல்னு யாரும் உறுதி தரல. வடிகட்டினா பாக்டீரியா, பூஞ்சை, ரப்பர் மூடித் துணுக்கு நிக்கும். எண்டோடாக்சின், கரைஞ்ச கன உலோகம், தயாரிப்புல மிஞ்சின ரசாயனம், வேற பெப்டைடு கலந்திருந்தா அது, இதெல்லாம் அப்படியே இறங்கும். நாலஞ்சு ஆபத்துல ஒண்ணைத்தான் ஃபில்டர் குறைக்குது. பிபிசி 157 மருந்தா அங்கீகாரம் வாங்கின பொருளும் இல்ல. என்னைக் கேட்டா போடாதீங்கன்னுதான் சொல்வேன். இதை அழுத்தமாவே சொல்றேன்.

பனித்துளி
நான் 5 மைக்ரான் ஃபில்டர் ஊசி வெச்சு உறிஞ்சுறேன், அது போதாதா?

சிறுதுளி
போதாது. அது கண்ணாடிச் சில்லு, ரப்பர் துணுக்குக்கு. பாக்டீரியா பெரும்பாலும் ஓரிரு மைக்ரான்தான், சுலபமா போயிடும். அந்த ஊசியாலயே உடம்புல குத்தவும் கூடாது, உறிஞ்சினதும் மாத்தணும். பிடிச்சு வெச்ச துணுக்கை நாமே உள்ள தள்ளின மாதிரி ஆகிடும்.

பனித்துளி
0.22 ஃபில்டரைக் கழுவி ஃப்ரிட்ஜ்ல வெச்சு ஒவ்வொரு டோசுக்கும் பயன்படுத்தலாமா?

வடிமுனை
வேண்டவே வேண்டாம். ஈரமான சவ்வுல நின்ன பாக்டீரியா பெருகி நாளாக ஆக மறுபக்கம் வந்துடும். ஒரு தடவைதான். டோசுக்கு டோஸ் வடிகட்டுறதும் இல்ல. கலந்ததும் மொத்தத்தையும் ஒரே தடவையில, மூடி அடைச்ச ஸ்டெரைல் காலிக் குப்பிக்கு மாத்துறதுதான் முறை. ரப்பர் மூடியை 70 சதவீத ஆல்கஹாலால துடைச்சு முழுசா உலரவிடணும். காலிக் குப்பியில காற்று வெளியேற இன்னொரு ஊசி குத்தி, அதுமேல ஒரு ஸ்டெரைல் ஃபில்டர் வைக்கணும். இல்லன்னா உள்ளே அழுத்தம் ஏறி மருந்து இறங்காது. பி.டி.எஃப்.இ.க்கு இங்கதான் சரியான வேலை.

முடிஞ்சதும் சவ்வு கிழியலன்னு பார்க்கணும். ஈரமா இருக்கிற அதே ஃபில்டர்ல, 10 மி.லி. காற்று நிரப்பின சிரிஞ்சை மாட்டி, வெளிமுனையைத் தண்ணியில அமிழ்த்தி, காற்று 2.5 மி.லி.யா சுருங்கும் வரை அழுத்துங்க. முதல்ல ஓரிரு குமிழி வரும், அது பரவாயில்ல. விடாம சரமா வந்தா சவ்வு போச்சு, வடிகட்டினதும் கணக்குல இல்ல.

சிறுதுளி
பேக் வாட்டர்ல இருக்கிற 0.9 சதவீத பென்சைல் ஆல்கஹாலை நம்பி இதைத் தளர்த்தாதீங்க. அது புதுசா புகுற கிருமியை வளரவிடாது, அவ்வளவுதான். ஏற்கெனவே மொத்தமா இருக்கிறதைக் கொன்னு தீர்க்காது. மூடியைக் குத்தின நாள்ல இருந்து 28 நாள்தான் பயன்படுத்தலாம்.

அளவுகோல்
ஊசிக்குப் பின் சில மணி நேரத்தில் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, குத்திய இடம் சிவந்து, சூடாகி, பரவினாலோ மருத்துவமனைக்குப் போக வேண்டும். என்ன போட்டோம் என்பதை அங்கே மறைக்கக் கூடாது, குப்பியையும் எடுத்துப் போக வேண்டும். முன்பு கடுமையாக எழுதிவிட்டேன். இந்த விஷயத்தில் அலட்சியம் பார்த்தால் பதறுகிறது.

முகிலன்07
கவர் கிடைச்சுது. பி.டி.எஃப்.இ.ன்னுதான் போட்டிருக்கு. ஸ்டெரைல்னு எங்கயும் இல்ல. நுரை அடங்கியும் மங்கலாவே இருக்கு. போடல, கழிச்சிட்டேன். நன்றி.

தேன்சிட்டு
நல்லது. இதே பொடியில வேற குப்பி ஏதாவது ஏற்கெனவே வடிகட்டாம போட்டிருக்கீங்களா?

தேன்சிட்டு
முகிலன்?