இரவில் எதிரே வந்த விளக்குகள்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

என் முதல் இரவுப் பயணத்தில் நடந்ததை எழுதுகிறேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது எதிர்ப்பட்டிருந்தால் கீழே சொல்லுங்கள். சின்னப் படகில் முதல் தடவை ராத்திரி கிளம்புகிறவர்களுக்கு உதவும்.

28 அடி பாய்மரப் படகு. நானும் அக்காவும் மட்டும். தூரம் 70 கடல் மைல். மணிக்கு 5 கடல் மைல் போனாலும் 14 மணி நேரம் ஆகும். பழக்கமில்லாத துறைமுகத்துக்குள் இருட்டில் நுழையக் கூடாது என்பதால், விடிந்தபின் போய்ச் சேரும்படி மாலை 4 மணிக்குக் கிளம்பினோம். பொழுது சாய்வதற்குள் அக்கா பெரிய பாயை ஒரு மடிப்புச் சுருக்கிக் கட்டிவிட்டாள். காற்று ஒன்றும் பலமாக இல்லை. "இருட்டுல மேல நின்னு கயிறு தேடுறதுக்கு இப்பவே கட்டிடலாம்டா" என்றாள்.

ஆளுக்கு ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம் காவல். 12 மணிக்கு என் முறை. அறையை விட்டு வெளியே கால் வைப்பதற்கு முன்பே இடுப்பு வாரின் கொக்கியைப் படகில் மாட்டினேன். இதில் அக்காவிடம் எந்தப் பேச்சும் எடுபடாது. காற்று விழுந்திருந்ததால் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பாயும் ஏற்றியேதான் இருந்தது. "சந்தேகம் வந்தா எழுப்பு. ஒண்ணுமில்லாததுக்கு எழுப்பினாலும் திட்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படுத்தாள்.

ஒரு மணி இருக்கும். வலப்பக்கம் முன்னால் இரண்டு வெள்ளை விளக்குகள். ஒன்று தாழ்வாக, மற்றது அதற்குப் பின்னால் கொஞ்சம் உயரமாக. பெரிய கப்பலின் முன் கம்பத்து விளக்கும் பின் கம்பத்து விளக்கும்தான். இரண்டும் நன்றாக விலகித் தெரிந்தால் கப்பல் குறுக்கே போகிறது. ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி நின்றால் அதன் மூக்கு நம் பக்கம் திரும்பியிருக்கிறது. இவை கிட்டத்தட்ட ஒரே கோட்டில் நின்றன. கைத் திசைகாட்டியை எடுத்துப் பார்த்தேன், 50 பாகை. ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தபோதும் 50. தூரம் குறைகிறது, திசை மாறவில்லை என்றால் மோதப் போகிறோம் என்று அர்த்தம். புத்தகத்தில் பத்து முறை படித்த விஷயம். ஆனால் அந்த நேரத்தில் மனசு வேறு கணக்குப் போட்டது. கை ஆடியிருக்கும், இன்னொரு தடவை பார்க்கலாம், அக்கா இப்போதுதானே கண் மூடினாள் என்று. அடுத்து சிவப்பு விளக்கும் தெரிந்தது, கப்பலின் இடப்பக்க விளக்கு.

நான் செய்த பெரிய தப்பு இங்கேதான். 'நாம் பாய்மரப் படகு, கப்பல்தான் வழிவிடணும்' என்று உட்கார்ந்திருந்தேன். எஞ்சின் ஓடினால், பாய் விரித்திருந்தாலும் சட்டப்படி அது எஞ்சின் படகுதான். 1972-ஆம் ஆண்டு மோதல் தடுப்பு விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. குறுக்கே வரும் இரண்டு எஞ்சின் கலங்களில், மற்றதைத் தன் வலப்பக்கம் பார்ப்பதுதான் வழிவிட வேண்டும். வழிவிட வேண்டியவன் நான்.

இன்னொரு கணக்கும் அப்புறம்தான் உறைத்தது. 50 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பலின் பக்க விளக்கு குறைந்தது 3 கடல் மைலுக்குத் தெரிய வேண்டும். எங்கள் படகு மாதிரி 12 மீட்டருக்குக் குறைவான கலத்துக்கு 1 மைல் போதும். 18 நாட், அதாவது மணிக்கு 18 கடல் மைல் வேகத்தில் வரும் கப்பல் அந்த ஒரு மைலை மூணு நிமிடம் இருபது விநாடியில் கடந்துவிடும். நான் அவர்களைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்த அத்தனை நேரமும் அவர்கள் கண்ணில் நான் இருந்தேனா என்பதே நிச்சயமில்லை.

கடைசியில் "அக்கா!" என்று கத்தினேன். செருப்புக்கூடப் போடாமல் வந்தாள். ஒரே பார்வை. சுக்கானை வாங்கி வலப்பக்கம் அறுபது பாகைக்கு மேல் திருப்பினாள். சின்னதாகத் திருப்பினால் எதிரில் இருப்பவருக்குப் புரியாது. கப்பல் எங்கள் இடப்பக்கமாக அரை மைலுக்கும் குறைவான தூரத்தில் போனது. முதலில் எஞ்சின் அதிர்வு நெஞ்சுக்குள் கேட்டது. பிறகு நட்சத்திரங்களை மறைத்துக்கொண்டு ஒரு சுவர் நகர்ந்தது. அப்புறம்தான் அதன் அலை வந்து படகைத் தூக்கிப் போட்டது.

அவள் திட்டவில்லை. "எவ்வளவு நேரமாப் பாத்துட்டிருந்தே?" என்று மட்டும் கேட்டாள். எட்டு நிமிடம் என்றேன்.

*

பதில் 1

ஏஐஎஸ் (சுற்றியுள்ள கப்பல்கள் ரேடியோவில் அனுப்பும் தங்கள் இடத்தைத் திரையில் புள்ளியாகக் காட்டும் கருவி) இருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை என்று சிலர் சொல்வார்கள். என்னிடம் இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். சர்வதேசப் பயணம் போகும் 300 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களில் அது கட்டாயம். சின்ன மீன்பிடிப் படகுகளில் பெரும்பாலும் இருக்காது.

அன்றைக்குத் திரையில் ஒரு புள்ளி கிடையாது. நானும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் வெளிச்சம் கண்ணில் பட்டுப் பட்டு வெளியே எல்லாம் கரியாகிவிட்டது. கண் மறுபடி இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் பிடிக்கும். என்னைக் காப்பாற்றியது காதுதான். எஞ்சின் ஓடாமல் பாயில் போனதால் ஒரு மனிதக் குரல் கேட்டது. எங்கள் படகின் மூக்குக்கு நேரே, கூப்பிடு தூரத்தில் விளக்கே இல்லாத ஒரு படகு. அதில் ஒருவர் டார்ச்சை எங்கள்மேல் அடித்தார். பிறகு தண்ணீரில் வலப்பக்கமாக நீளக் கோடு இழுத்துக் காட்டினார். வலை அந்தப் பக்கம் கிடக்கிறது என்று புரிந்தது. இடப்பக்கம் வளைத்து அவர் படகின் பின்னால் சுற்றிப் போனேன். கையை உயர்த்தினார், நானும் உயர்த்தினேன். அவர் முகம்கூட நான் பார்க்கவில்லை.

அதிலிருந்து திரையைச் சிவப்பு வெளிச்சத்துக்கு மாற்றி, மங்கலாக்கி, அறைக்குள் வைத்துவிட்டேன். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து நின்று சுற்றிலும் பார்க்கிறேன். பின்பக்கமும் சேர்த்து. பின்பக்கத்தை எல்லோரும் மறந்துவிடுகிறோம்.

*

பதில் 2

என்னுடையது கப்பல் இல்லை, மழைக்காற்று. நிலா இல்லாத இரவில் மேகம் தெரியாது. மேற்கே தாழ்வாக இருந்த நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. கண் அசதி என்று நினைத்தேன். குளிர்ந்த காற்று முகத்தில் பட்டபோதுதான் பாயைச் சுருக்க ஓடினேன். பாதி சுருக்குவதற்குள் அடித்துவிட்டது. மடிப்புக் கட்டியே கிளம்பிய அந்த அக்காவுக்கு என் வணக்கம்.

*

முதலில் எழுதியவர்

பதில் ஒன்றுக்கு: குரல் கேட்டதைப் படித்ததும் உடம்பு சிலிர்த்தது. எஞ்சின் ஓடும்போது ஒன்றுமே கேட்காது. காற்று விழுந்த இரவுகளில் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எஞ்சினை மெதுவாக்கிக் காது கொடுத்துக் கேட்கிற வழக்கத்தை அக்காவிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

பதில் இரண்டைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். "நட்சத்திரம் மறையுதுன்னு பாத்தாரே, அது பெரிய விஷயம். நீ பாத்திருப்பியா?" என்று கேட்டாள். அடுத்த பயணத்திலும் 12 மணிச் சாமம் எனக்குத்தான்.