நாக் ஆனவன வச்சு வெளயாடறது கேம்ல சேருமா?

மதுரை_ஸ்னைப்பர்:
நேத்து நைட்டு பிஜிஎம்ஐ, ஃபோன்ல ஆடற துப்பாக்கிச் சண்ட கேம், அதுல ஸ்குவாட் மேட்ச். மேப்ல பொச்சிங்கிங்கற ஊர்ல ஒரு மாடி வீட்ல ஒருத்தன நாக் பண்ணோம், அதாவது சுட்டு விழவச்சோம், இன்னும் சாகல, தவழத்தான் முடியும். எதிரிக்கும் கேக்கற ஆல் மைக்ல அவன் குரல், சின்னப் பையன், குரலே இன்னும் உடையல, "அண்ணா விட்ருங்கண்ணா, ஃப்ரெண்டு வந்துட்டு இருக்கான்"ங்கறான். எங்க பசங்க விடவும் இல்ல, முடிக்கவும் இல்ல. அவன் தவழ்ந்து படிக்கட்டு பக்கம் போகப்போக முன்னாடி நின்னு மறிச்சு, மேல உக்காந்து உக்காந்து எந்திரிச்சு, அவங்கம்மாவ இழுத்து கெட்ட வார்த்தை, ஹெல்த் தானா கரைஞ்சு தீர்ற வரைக்கும். நானும் சிரிச்சேன். இதுவரைக்கும் எத்தனையோ பேர சுட்டிருக்கேன், ஒண்ணும் தோணினதில்ல, இது மட்டும் ஏன் இப்படி உறுத்துது?

ரஷ்_கார்த்தி:
முடிக்கறதுல தப்பே இல்ல ப்ரோ, விட்டா ஃப்ரெண்டு வந்து ரிவைவ் குடுத்து எழுப்பி விட்ருவான், அப்புறம் உன்ன போடுவான். கேம் ஆடுனா கொலைகாரன் ஆயிருவோம்னு வீட்ல சொல்றதையும் நான் நம்பல. 2019ல ஆக்ஸ்ஃபோர்ட் ஆளுங்க 14, 15 வயசு பிரிட்டிஷ் பசங்க ஆயிரம் பேர் கிட்ட பாத்தாங்க, வன்முறை கேமுக்கும் முரட்டுத்தனத்துக்கும் சம்பந்தம் கிடைக்கல. ஆனா நீங்க பண்ணது முடிக்கறதும் இல்லயே.

சிவப்பு_பேண்டேஜ்:
நெஜப் போர்ல விழுந்தவன தொடக்கூடாது, 1949 ஜெனீவா ஒப்பந்தத்துலயே இருக்கு. செஞ்சிலுவைக்காரங்க 2023ல ஃபோர்ட்நைட்ங்கற சண்ட கேம்லயே அந்த விதிய வச்சு ஒரு மோட் விட்டாங்க, விழுந்து கெடக்கறவன சுடக்கூடாது, மெட்கிட் யாருக்குனாலும் குடுக்கணும்னு. அது நல்ல முயற்சி, ஆனா கார்த்தி சொல்ற மாதிரி நம்ம கேம்ல விழுந்தவன் திரும்ப எந்திரிப்பான், அதனால அந்த விதிய அப்படியே கொண்டாந்து பொருத்த முடியாது. என்னப் பொறுத்தவரைக்கும் சுடறதுக்கு எல்லாரும் சம்மதிச்சுதான் கேம்ல ப்ளேன்ல இருந்து ஜம்ப் பண்றோம், அம்மாவ இழுத்து திட்டு வாங்கறதுக்கு எவனும் சம்மதிக்கல. பிஜிஎம்ஐல ரத்தத்த பச்சையாக்கி, கில்லுன்னு போடாம ஃபினிஷ்னு மாத்திட்டாங்க, சரி, மைக்ல அழுதது பொம்மை இல்லயே, எங்கயோ ஒரு வீட்ல போர்வைக்குள்ள உக்காந்திருக்கற பையன்.

நிலா_07:
நான் ரெண்டு வருஷமா மைக்க ஆன் பண்றதே இல்ல. பொண்ணு குரல்னு தெரிஞ்சா போதும், நாக் பண்ணிட்டு சுத்தி நின்னுருவாங்க, பேசுறது காது குடுத்துக் கேக்கற மாதிரி இருக்காது. ஹெட்ஷாட் வாங்குனத நான் அடுத்த மேட்ச்லயே மறந்துருவேன், அந்தப் பேச்சு ராத்திரி படுத்தா திரும்பத் திரும்ப கேக்கும். அதுல முக்காவாசி பேர் திட்டுறவங்க இல்ல அண்ணா, கூட நின்னு சிரிக்கறவங்க.

மதுரை_ஸ்னைப்பர்:
நிலா, படிச்சுட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். ஸ்குவாட் குரூப்ல இப்பதான் போட்டேன், நாக் பண்ணா உடனே முடி, இல்லயா விட்ரு, மைக்ல ஒரு வார்த்தை வரக்கூடாது, வந்தா நான் மேட்ச்ச விட்டு லாபிக்கு போயிருவேன்னு. ரெண்டு பேர் சரின்னாங்க. மூணாவது ஆள் பாத்துட்டான், இன்னும் பதில் வரல.