1850-ஆ, 2013-ஆ? இசை, கவின்கலைப் பல்கலைக்கழக வரலாற்றில் சறுக்கும் இடங்கள்

தமிழ்நாடு இசை, கவின்கலைப் பல்கலைக்கழகம் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஆண்டில்தான் சறுக்குகிறார்கள். பல்கலைக்கழகச் சட்டம் வந்தது 2013-இல். முதலமைச்சரே வேந்தர் என்பது இதன் தனிச்சிறப்பு. ஆனால் அதன்கீழ் உள்ள கல்லூரிகள் அதைவிட மூத்தவை: பூந்தமல்லி நெடுஞ்சாலைக் கவின்கலைக் கல்லூரி 1850, அடையாற்றங்கரை இசைக் கல்லூரி 1949, மாமல்லபுரம் சிற்பக் கல்லூரி 1957. பழைய கவின்கலைப் பட்டச் சான்றிதழ் கைக்கு வந்தால் முதலில் ஆண்டைப் பாருங்கள். சென்னைப் பல்கலைக்கழக முத்திரை இருக்கிறதே என்று சந்தேகப்பட வேண்டாம். அப்போது கல்லூரி அதன் இணைப்பில் இருந்தது.

*

மேலே கவின்கலைக் கல்லூரிக்குச் சொன்ன 1850 பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன். அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் பிராட்வே பகுதியில் சொந்த முயற்சியில் தொடங்கிய பள்ளி அது. 1852-இல் அரசு எடுத்துக்கொண்டது. அன்று அதற்குத் தொழிற்கலைப் பள்ளி என்றே பெயர். மண்பாண்டம், மரம், உலோகம் எல்லாம் பாடம். 1890-களின் இறுதியில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற பொறியாளர் அலுமினியப் பாத்திரத் தொழிலை இங்கேதான் சோதித்துப் பார்த்தார். இதை விட்டுவிட்டு ஓவியத்தை மட்டும் சொன்னால் பாதி வரலாறு போய்விடும்.

சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி இந்தப் பள்ளியின் முதல்வரான பிறகுதான் நுண்கலைப் பக்கம் வலுத்தது. மெரினா உழைப்பாளர் சிலை அவருடையதுதான். அதை முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். பாறையைப் புரட்டும் நால்வரின் முதுகிலும் கெண்டைக்காலிலும் ஏறியிருக்கும் முறுக்கு அப்போதுதான் பிடிபடும். அவருக்குப் பின் வந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தார்.

*

மேலே மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியை ஒரு வரியில் முடித்துவிட்டீர்களே! மரபுச் சிற்பம் பாடத்திட்டத்துக்குள் வந்த இடம் அது. நல்ல கல்லைத் தேர்ந்தெடுப்பதே தனிப் பாடம். சுத்தியலால் தட்டினால் கணீரென்று மணி போல் ஒலிக்க வேண்டும். சத்தம் மந்தமாக வந்தால் உள்ளே விரிசல் இருக்கலாம். அந்தக் கல் மூக்கோ விரலோ செதுக்கும் கட்டத்தில் தெறித்துவிடும், அதுவரை செய்த வேலை மொத்தமும் வீண்.

உலோகச் சிலை வார்ப்பிலும் அவசரம் ஆகாது. தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்து உருவம் செய்து, நைசான வண்டல் மண்ணை முதல் பூச்சாகப் பூசி, நிழலில்தான் காயவிட வேண்டும். வெயிலில் வைத்தால் மெழுகு இளகி நகை வேலைப்பாடெல்லாம் மழுங்கும். பிறகு மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றுவார்கள். கருவில், அதாவது அந்த மண் அச்சில், ஈரம் மிச்சமிருந்தால் உலோகம் ஊற்றும்போது நீராவி கிளம்பி உலோகக் குழம்பு வெளியே சிதறும். பக்கத்தில் நிற்பவர் மீதும் தெறிக்கும்.