இறக்கத்தில் நியூட்ரல்: "ஒரு சொட்டு டீசல்கூட மிச்சமில்லை" என்று சொன்ன தம்பிக்கு

முப்பந்தல் காற்று:
டிரெய்லர் கம்பெனி ஒன்றில் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கும் "புதுச் சாவி" என்ற தம்பி நேற்று இன்னொரு இழையில் எழுதியதைப் படித்ததில் இருந்து மனசு ஆறவில்லை. அவர் எழுதியது இது: "இறக்கத்தில் கியரை எடுத்து நியூட்ரல் போட்டால் ஒரு சொட்டு டீசல்கூட மிச்சமாகாது. வகுப்பில் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார்கள். பழைய டிரைவர்கள் இதை விடாததால்தான் தொப்பூர் கணவாயில் வண்டி கவிழ்கிறது."

தம்பி, வேலை கிடைத்ததில் சந்தோஷம். ஆனால் தூத்துக்குடி துறைமுகத்தில் கன்டெய்னர் ஏற்றிக் கொச்சிக்குப் போய் வந்தே பிள்ளைகளைக் கரையேற்றியவன் நான். கிளீனராக ஏறி, டயர் தட்டி, தார்ப்பாய் கட்டி, டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, அவர் ஏச்சை எல்லாம் வாங்கிய பிறகுதான் ஸ்டியரிங்கைத் தொடவே விட்டார்கள். மூன்று வாரம் ஏசி ரூமில் உட்கார்ந்துவிட்டு ஒரு சொட்டு இல்லை என்கிறீர்களே, அந்தச் சொட்டை எண்ணிப் பார்த்தீர்களா?

புதுச் சாவி:
அண்ணாச்சி, உங்கள் அனுபவத்தை நான் குறை சொல்லவில்லை. இப்போது வருகிற வண்டிகளில் டீசலை விடுவது கம்ப்யூட்டர். கியரில் வைத்து ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால், ஓடுகிற சக்கரமே எஞ்சினைச் சுற்றும். டீசல் தேவையில்லை என்று அது நிறுத்திவிடும். நியூட்ரல் போட்டாலோ எஞ்சின் அணைந்துவிடக் கூடாது என்று ஐட்லிங்குக்கு டீசல் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அப்படியானால் எதில் செலவு? நியூட்ரலில்தான். ஒரு சொட்டு மிச்சமில்லை என்று சொன்னது சரிதான்.

முப்பந்தல் காற்று:
கியரில் விட்டால் எஞ்சின் பிடித்து இழுக்கும். வேகம் செத்துப்போகும். பள்ளத்தில் இறங்கினதும் மறுபடி மிதிக்க வேண்டும். நியூட்ரலில் விட்டால் எதிர் மேட்டில் பாதி வரை வண்டி தானே ஏறும். அந்த மிதிக்கிற டீசலை உங்கள் கம்ப்யூட்டர் எந்தக் கணக்கில் எழுதும்? ஒரு சொட்டாம்!

தக்கலை ஒர்க்‌ஷாப்:
இரண்டு பேரும் டீசலையே பிடித்துத் தொங்குகிறீர்கள். பிரேக் லைனர் கருகி வருகிற வண்டியைக் கழற்றிப் பார்க்கிறவன் நான். நியூட்ரலில் இறங்கினால், புகைக் குழாயை அடைத்து எஞ்சினாலேயே வண்டியைப் பிடிக்கிற எக்ஸாஸ்ட் பிரேக் வேலை செய்யாது, அதற்கு வண்டி கியரில் இருக்க வேண்டும். மொத்த எடையையும் கால் பிரேக் ஒன்றே தாங்க வேண்டும். பிரேக் டிரம் சூடேறிப் போனால் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. ஐட்லிங்கில், பிரேக்குக்குக் காற்று கொடுக்கிற கம்ப்ரஸரும் மெதுவாகத்தான் ஏர் ஏற்றும். மிதித்து மிதித்து ஏரைத் தீர்த்துவிட்டு, மீட்டர் முள் கீழே வந்த பிறகு சாமியைக் கூப்பிட்டுப் பிரயோசனம் இல்லை. சேலத்துக்கு இறங்குகிற தொப்பூர் கணவாயில் நடப்பதும் இதுதான்.

முப்பந்தல் காற்று:
நான் தொப்பூரில் நியூட்ரல் போடுவேன் என்று எங்கே சொன்னேன்? காட்டுங்கள் பார்ப்போம். எதிரே மேடு தெரிகிற சின்ன இறக்கத்தில்தான் போடுவேன். அங்கே டீசல் மிச்சமாகுமா ஆகாதா? அதற்கு மட்டும் பதில் வேண்டும். பிரேக், லைனர் எல்லாம் பேச்சை மாற்றுகிற வேலை. போன மாதம் ரீட்ரேட் டயர் (தேய்ந்த டயரில் புது ரப்பர் ஒட்டியது) இழையிலும் ஒர்க்‌ஷாப் அண்ணன் இதைத்தான் செய்தார்.

தக்கலை ஒர்க்‌ஷாப்:
ரீட்ரேட் டயரை முன் சக்கரத்தில் போடாதே என்றேன். அது உங்களுக்குப் பேச்சை மாற்றுவதா? இன்னும் அதையே நெஞ்சில் வைத்துக்கொண்டு இருக்கிறீர்கள்.

வில்லுக்குறி வாசகன்:
ஒரு சந்தேகம். எந்த வண்டியைப் பற்றிப் பேசுகிறோம்? கல், ஜல்லி ஏற்றுகிற டாரஸ் லாரியா, 40 அடி டிரெய்லரா? கம்ப்யூட்டர் டீசல் விடுகிற பிஎஸ்-6 புது வண்டியா, பம்ப் டீசல் விடுகிற பழைய வண்டியா? எந்த இறக்கம்? இதைச் சொல்லாமல் எப்படி முடிவுக்கு வருவது?

முப்பந்தல் காற்று:
எந்த வண்டியாக இருந்தால் என்ன? டீசல் டீசல்தான்.

களியக்காவிளைக்காரன்:
டாரஸ் என்ற பெயரைப் பார்த்ததும் உள்ளே வந்தேன். ராத்திரி பகல் இல்லாமல் கல்லும் ஜல்லியும் ஏற்றிக் கேரளத்துக்கு ஓட்டுகிறீர்களே, வீட்டுக் கண்ணாடி அதிர்கிறது. மார்த்தாண்டம் மேம்பாலத்தில் 2024-இல் பள்ளம் விழுந்ததே, யார் வண்டியால்? நீங்கள் இங்கே உட்கார்ந்து மைலேஜ் பேசுகிறீர்கள். எங்கள் ரோட்டுக்கு யார் மைலேஜ் பார்ப்பது?

முப்பந்தல் காற்று:
டாரஸ்காரனோடு என்னைச் சேர்க்காதீர்கள். அவனுக்கு டிரிப் கணக்கில் கூலி, எனக்குக் கிலோமீட்டர் கணக்கில். அளவுக்கு மேல் ஏற்றச் சொல்லுகிறவன் முதலாளி, மாட்டுகிறவன் டிரைவர். ஊர்க்காரர்கள் கல்லெடுத்து எறிவதும் டிரைவர் மேல்தான். பாலத்தில் பள்ளம் விழுந்தால் கட்டினவரிடம் கேளுங்கள். 2018-இல் திறந்த பாலம் ஆறு வருஷம் தாங்கவில்லை என்றால் அதற்கும் நானா பதில் சொல்ல வேண்டும்?

களியக்காவிளைக்காரன்:
அதானே, யாருமே பொறுப்பில்லை. வண்டி தானாக ஓடி வருகிறது போல.

புதுச் சாவி:
விஷயத்துக்கு வரலாம். அரசு அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்தில் கனரக வண்டிக்கு 6 வாரம், 38 மணி நேரம் என்று விதியே இருக்கிறது. அதை முடித்துவிட்டுத்தான் கம்பெனியில் சேர்ந்தேன். இங்கே மறுபடி பயிற்சி. டிரெய்லரை முன் வண்டியோடு இணைக்கிற கிங் பின் பூட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பது, பிரேக் ஏர் ஓஸ் மாட்டுவது, வளைவில் பின் சக்கரம் உள்ளே வெட்டும் என்று அகலம் எடுத்துத் திருப்புவது, ரிவர்ஸில் பின்பக்கம் இடது போக வேண்டும் என்றால் ஸ்டியரிங்கை வலது ஒடிப்பது. எல்லாம் மைதானத்தில் காலி தார் டிரம் வைத்துச் செய்தோம். ஏச்சு வாங்கினால்தான் தொழில் வரும் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை.

முப்பந்தல் காற்று:
38 மணி நேரமா! நான் தார்ப்பாய் கட்டப் படித்ததே அதைவிடக் கூடுதல். மைதானத்தில் டிரம்மை இடித்தால் டிரம் எழுந்து சண்டைக்கு வராது, மக்கா. நாகர்கோவில் வடசேரியில் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் 40 அடியை ரிவர்ஸ் எடுத்துக் காட்டு. இல்லை, ஆடி மாதம் காலி கன்டெய்னரோடு காவல்கிணறில் இருந்து முப்பந்தல் வழியாக 44-ஆம் நம்பர் நெடுஞ்சாலையில் வா. காற்றாலை சும்மாவா அங்கே நட்டு வைத்திருக்கிறார்கள்? பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளும். லோடு இருந்தால் அமர்ந்து போகும், காலிப் பெட்டி பாய்மரம் மாதிரி காற்றைப் பிடித்துக்கொள்ளும். அப்போது ஸ்டியரிங்கை எவ்வளவு விட்டுப் பிடிக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் சொல்லாது.

வில்லுக்குறி வாசகன்:
காவல்கிணறு–ஆரல்வாய்மொழி–நாகர்கோவில் ரோடு 944. காவல்கிணறில் இருந்து நேராகக் கன்னியாகுமரிக்குப் போவதுதான் 44.

முப்பந்தல் காற்று:
ரோட்டில் ஓட்டுகிறவனுக்கு நம்பர் எதற்கு? நம்பர் படிக்கிறவர்கள் படியுங்கள்.

தக்கலை ஒர்க்‌ஷாப்:
காற்று விஷயம் சரி. நீங்களே சொல்லிவிட்டீர்கள், காலி வண்டியைத் தள்ளும் என்று. அந்த இடத்திலும் நியூட்ரலா?

முப்பந்தல் காற்று:
மறுபடியும்! எதிரே மேடு தெரிகிற சின்ன இறக்கம் என்று எத்தனை முறை எழுத வேண்டும்?

புதுச் சாவி:
எங்கள் வண்டியில் ஜிபிஎஸ் பெட்டி இருக்கிறது. நியூட்ரலில் ஓட்டினால் ஆபீசில் தெரியும், மார்க் குறையும், மாதக் கடைசியில் ஊக்கத்தொகை போகும். அவ்வளவு பெரிய கம்பெனி மிச்சம் இருந்தால் வேண்டாம் என்று சொல்லுமா?

முப்பந்தல் காற்று:
அப்படி வாருங்கள் வழிக்கு. பெட்டிக்குப் பயந்துதான் கியரில் ஓட்டுகிறீர்கள், புரிந்து ஓட்டவில்லை. நான் கடைசியாக ஓட்டிய கம்பெனியும் பெட்டி வைத்தது. வண்டி எங்கே நிற்கிறது என்று மணிக்கொரு தரம் போன் வரும். பேட்டா பணம் எங்கே நிற்கிறது என்று கேட்டால் போனை எடுக்க ஆள் இருக்காது. இப்போது 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிக்கெல்லாம் கேபினில் ஏசி கட்டாயம் என்று ஆக்கிவிட்டார்கள். நல்லது. வைகாசி வெயிலில் எஞ்சின் சூட்டில் வெந்தவர்கள் நாங்கள், குளிரில் உட்கார்ந்து எங்களுக்கே பாடம் எடுக்கப் போகிறவர்கள் நீங்கள்.

களியக்காவிளைக்காரன்:
ஏசி போட்டால் கண்ணாடியை ஏற்றிவிடுவார்கள். பின்னால் நாம் அடிக்கிற ஹாரன் இனிமேல் கேட்கவே போவதில்லை.

தோவாளை பூக்காரன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் தம்பிக்கு 19 வயது, கார் லைசென்ஸ் எடுத்து எட்டு மாதம். ஹெவி வண்டிக்கு இப்போது எல்எல்ஆர் (பழகுநர் லைசென்ஸ்) போடலாமா?

வில்லுக்குறி வாசகன்:
முடியாது. கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் ஆக வேண்டும், 20 வயதும் நிறைய வேண்டும். டிரைவிங் ஸ்கூலில் படிவம் 5, அதாவது பயிற்சி முடித்த சான்று, வாங்க வேண்டும். எட்டாம் வகுப்பு பாஸ் என்ற நிபந்தனையை 2019-இல் எடுத்துவிட்டார்கள். சின்ன லோடு வண்டி ஓட்டத்தான் ஆசை என்றால், 7,500 கிலோவுக்குள் இருந்தால் கார் லைசென்சே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்கும் அந்த 20 வயதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முப்பந்தல் காற்று:
படிப்பு வேண்டாம் என்று எடுத்தார்கள் பார்த்தீர்களா? இந்தத் தொழில் படித்து வருவதில்லை என்று சட்டமே ஒத்துக்கொண்டது.

புதுச் சாவி:
சட்டம் எடுத்தது பள்ளிக்கூடச் சான்றிதழைத்தான் அண்ணாச்சி, பயிற்சியை இல்லை. 38 மணி நேரம் என்று எழுதி வைத்திருப்பதும் அதே அரசாங்கம்தான்.

முப்பந்தல் காற்று:
சரி, பேச்சு வேண்டாம். ஒரே வண்டி, ஒரே லோடு, நாகர்கோவிலில் இருந்து தூத்துக்குடி. போகும்போது நீங்கள் கியரில் ஓட்டுங்கள், வரும்போது நான் என் இஷ்டத்துக்கு ஓட்டுகிறேன். டேங்கை நிரப்பி அளந்து பார்ப்போம்.

வில்லுக்குறி வாசகன்:
போகும்போதும் வரும்போதும் காற்றுத் திசை வேறு. அந்த அளவு செல்லாது.

முப்பந்தல் காற்று:
உங்களை யார் கேட்டது?

புதுச் சாவி:
கம்பெனி வண்டியை அப்படி எடுக்க விட மாட்டார்கள் அண்ணாச்சி.

முப்பந்தல் காற்று:
தெரியும். சாவியும் உங்கள் கையில் இல்லை, கணக்கும் உங்கள் கையில் இல்லை. அப்புறம் எதற்கு இந்தப் பேச்சு?

தக்கலை ஒர்க்‌ஷாப்:
அண்ணே, அந்தத் தூத்துக்குடி வண்டியில் முன் டயர் ரீட்ரேடா, புதுசா?