மறு: கலெக்டிபிளுக்குத் தமிழ்ச் சொல் – ‘கண்டெடுப்பு’

அன்புள்ள அண்ணாச்சிக்கும் மற்ற நண்பர்களுக்கும் வணக்கம்.

வீடியோ கேமில் ஆடுபவர் அங்கங்கே தேடி எடுக்கும் பொருள்களை ஆங்கிலத்தில் ‘கலெக்டிபிள்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்பதுதான் இந்த இழையின் கேள்வி. அண்ணாச்சி ‘சேகரப்பொருள்’ என்கிறார், தென்காசித் தம்பி ‘திரட்டு’ என்கிறார். திரட்டு வேண்டாம் என்று நினைக்கிறேன். வலைப்பதிவுத் திரட்டிகள் வந்த காலத்திலிருந்தே அந்த வேர், பல தளங்களில் இருப்பதை ஓரிடத்தில் தொகுக்கும் வேலைக்குப் பழகிவிட்டது. சேகரப்பொருளில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் தபால்தலை, பழைய நாணயம் என்று ஆல்பத்திலும் அலமாரியிலும் சேர்த்து வைப்பவற்றுக்கே அது பொருந்தும். வீடியோ கேமில் ஆடுபவருக்கு முக்கியமானது சேர்த்து வைப்பது இல்லை, கண்ணில் படுவதுதான். அதனால் நான் முன்வைக்கும் சொல் ‘கண்டெடுப்பு’.

இதே இழையில் இன்னொரு நண்பர், “இவை எல்லாமே ஆட்டத்தை இழுத்தடிக்கப் போடுபவை, பேசாமல் ‘நிரப்பி’ என்று வையுங்கள்” என்று எழுதியிருந்தார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. 2007இல் வந்த முதல் அசாசின்ஸ் கிரீட் ஆட்டத்தில் தேடி எடுக்க 420 கொடிகள் இருந்தன. அத்தனையையும் எடுத்தாலும் கதையில் எதுவும் மாறாது, நாயகனுக்கு ஒரு திறமையும் கூடாது. டாங்கி காங் 64 (1999) இன்னும் மோசம். ஐந்து குரங்குகள், ஆளுக்கொரு நிற வாழைப்பழம். நீலக் குரங்கின் பழத்தை மஞ்சள் குரங்கால் எடுக்க முடியாது. பழம் கண்முன்னே கிடக்கும், ஆனாலும் திரும்பிப் போய் ஆளை மாற்றிக்கொண்டு அதே வழியில் மறுபடி வர வேண்டும். ஆடுபவரின் நேரத்துக்கு மதிப்பே இல்லாத அமைப்பு அது.

ஆனால் அசாசின்ஸ் கிரீட்டின் அடுத்த பாகத்தையே பாருங்கள். 2009இல் வந்தது. அதில் 100 இறகுகள். நாயகன் எட்சியோவின் கடைக்குட்டித் தம்பி, நோயாளிச் சிறுவன், தனக்கு இறகு கொண்டுவரச் சொல்லிக் கேட்பான். கொஞ்ச நேரத்தில் அவனையும் தூக்கில் போட்டுவிடுவார்கள். அம்மா அந்த அதிர்ச்சியில் பேச்சை விட்டுவிடுவார். அப்புறம் கூரை கூரையாக ஏறி எடுக்கும் ஒவ்வொரு இறகும் அந்த அம்மாவின் அறையில் இருக்கும் பெட்டிக்குத்தான் போகும். எண்ணி எடுக்கும் வேலை என்ற அளவில் கொடியும் இறகும் ஒன்றுதான். ஒன்று சலிப்பூட்டுகிறது, மற்றது நம்மை அந்த வீட்டு ஆளாகவே ஆக்கிவிடுகிறது. இரண்டையும் ‘நிரப்பி’ என்றால் இந்த வேறுபாட்டைப் பேசவே வழி இருக்காது.

வைஸ் சிட்டி (2002) நம்மில் பாதிப் பேர் திருநெல்வேலி வண்ணார்பேட்டை, ஜங்ஷன் பக்கத்து பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ஆடியது. அதில் ஒளித்துவைத்த 100 பொட்டலங்கள் உண்டு. வரைபடத்தில் ஒன்றுக்குக்கூடக் குறி கிடையாது. பத்துப் பத்தாக எடுக்கும்போது ஓர் ஆயுதமோ கவசமோ வாகனமோ நமக்கு வந்து சேரும். அதைவிடப் பெரிய பலன், அந்த நகரத்தின் சந்துகளும் மொட்டைமாடிகளும் நமக்கு மனப்பாடமானது. இப்போதைய பல ஆட்டங்களில் ஒரு கோபுரம் ஏறினால் போதும், சுற்றுவட்டாரத்தில் இருப்பதெல்லாம் வரைபடத்தில் புள்ளியாக வந்துவிடும். அதன் பிறகு பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? புள்ளியை நோக்கி நடந்து பொத்தானை அழுத்துவதுதான் மிச்சம். என் கணிப்பில், எண்ணிக்கை கூடியதைவிட இந்தப் புள்ளிகள்தான் ஆட்டங்களை அதிகம் கெடுத்தன.

எண்ணிக்கை மட்டும் கெடுதல் இல்லை என்பதற்கு பிரெத் ஆஃப் தி வைல்டு (2017) ஆட்டம் சாட்சி. அதில் கோரோக் என்ற குட்டி வனப்பூதங்கள் தரும் விதைகள் 900. தனியாகக் கிடக்கும் கல்லைத் தூக்கினால் ஒன்று, வட்டமாக அடுக்கிய கற்களில் ஒரு கல் குறைந்தால் அதை வைத்தால் ஒன்று. 441 விதைகளிலேயே ஆயுதம் வைக்கும் பை முழு அளவுக்கு விரிந்துவிடும். 900ஐயும் எடுத்தவருக்குக் கிடைப்பது, சாணிக்குவியல் வடிவத்தில் பொன்னிறமாக ஒன்று, எதற்கும் பயன்படாது. எல்லாவற்றையும் எடுக்க வேண்டியதில்லை, போகிற வழியில் கண்ணைத் திறந்து வைத்தால் போதும் என்று ஆட்டமே சொல்வதாக நான் புரிந்துகொள்கிறேன்.

இனி சொல். ‘கண்டெடுத்தல்’ நாம் புதிதாக உண்டாக்குவது இல்லை. ஆதிச்சநல்லூர் பற்றிய எந்தச் செய்தியிலும் ‘கண்டெடுக்கப்பட்ட முதுமக்கள் தாழிகள்’ என்றுதான் வரும். (1986இல் மாவட்டம் பிரிந்து அது தூத்துக்குடிக்குப் போய்விட்டாலும், நமக்கு அது தாமிரபரணிக் கரைதான்.) 1876இல் ஜெர்மானியரான ஜாகோர் அங்கே தோண்டி எடுத்தவை பெர்லின் போய்ச் சேர்ந்தன. எந்தத் தாழியில், எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்ற விவரம் கூடவே இருந்தால்தான் அந்தப் பொருளை வைத்து ஏதாவது சொல்ல முடியும் என்று தொல்லியலார் படித்துப் படித்துச் சொல்கிறார்கள். நல்ல கேம் வடிவமைப்பும் இதையேதான் கேட்கிறது. பொருளுக்கும் அது கிடக்கும் இடத்துக்கும் உறவு வேண்டும். கண்டெடுப்பு என்ற சொல்லில் கிடந்த இடத்தின் நினைவும் சேர்ந்தே வருகிறது.

பாளையங்கோட்டைப் பிள்ளைகள் செய்துகொண்டிருக்கும் ஆற்றங்கரை ஆட்டத்துக்கும் இதையே சொல்லியிருக்கிறேன். நூறு நாணயத்தை ஊர் முழுக்கத் தூவ வேண்டாம். குறுக்குத்துறை முருகன் கோயில் தாமிரபரணி வெள்ளத்தில் மூழ்கும் கோயில். ஒரு பொருளை அங்கே வைத்து, ஆட்டத்தில் வெள்ளம் வந்து வடிந்த பிறகுதான் கையில் கிடைக்கும் என்று வைத்துப் பாருங்கள். எடுப்பவருக்கு ஆற்றின் போக்கு தானாகப் பிடிபடும்.

‘கண்டுபிடிப்பு’ என்ற சொல்லோடு குழம்பாதா என்று அண்ணாச்சி தனிமடலில் கேட்டார். ஆட்டத்துக்குள் குழம்பாது. கண்டுபிடிப்பு அறிவியல் பக்கம் நிலைத்துவிட்டது, இது கையில் எடுக்கும் பொருள். பன்மை ‘கண்டெடுப்புகள்’. பட்டியல் தலைப்பில் ‘கண்டெடுப்புகள்: 37/100’ என்று வரலாம். பொத்தானில் ‘எடு’ போதும், அங்கே நீளச் சொல் இடத்தை அடைக்கும். நண்பர் சொன்ன ‘நிரப்பி’யையும் விட வேண்டாம், அந்த 420 கொடிகள் மாதிரியானவற்றைக் குறை சொல்ல விமர்சனக் கட்டுரைகளுக்குத் தேவைப்படும். சிறிய திரைகளில் ‘கண்டெடுப்புகள்’ ஒரே வரியில் அடங்குகிறதா என்று மட்டும் கைபேசி ஆட்டம் செய்யும் நண்பர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து