மழை தொடங்கினால் இணையம் இழுபடுகிறது: பின்னறைக்கு இழுத்த தொலைபேசி வயர் காரணமா?

கோண்டாவிலான்:
தொலைபேசிக் கம்பியில் வரும் ஏடிஎஸ்எல் இணைப்பு. வேகம் 3 மெகாபிட்டைத் தாண்டுவதில்லை. தொலைபேசி மணி அடித்தால் ரவுட்டரின் டிஎஸ்எல் விளக்கு அணைந்துவிடுகிறது. லைன் விறாந்தைப் பெட்டிக்கு வந்து, அங்கிருந்து கூரையைத் தாங்கும் பனை வளையோடு ஓடிப் பின்னறைக்குப் போகிறது. ரவுட்டர் அங்கேதான் இருக்கிறது. மகள் உயர்தரம் படிக்கிறாள், இணைய வகுப்பு பாதியில் அறுந்துபோகிறது. கூடிய விலைப் பெக்கேஜுக்கு மாறச் சொல்கிறார்கள். மாறலாமா?

சுன்னாகம் லைன்காரர்:
தம்பி, காசைக் கொட்டாதீர்கள். மணி அடிக்கும்போது விழுகிறது என்றீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. குரல் 4 கிலோஹேர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். இணையம் அதே செம்பில் 25 கிலோஹேர்ட்ஸுக்கு மேலே ஓடுகிறது. அதன் பிந்திய வகையான ஏடிஎஸ்எல்2+ என்றால் 2.2 மெகாஹேர்ட்ஸ் வரை போகும். ஏதோ ஒரு தொலைபேசிக்கு ஃபில்டர் (இணையச் சமிக்ஞையைத் தடுக்கும் சிறு பெட்டி) இல்லை, அல்லது மூட்டு ஒன்று கெட்டிருக்கிறது.

முதலில் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தை உலாவியில் திறந்து, வேகத்தையும் எஸ்என்ஆர் மார்ஜினையும் (இரைச்சலைத் தாங்க லைனில் மிச்சமிருக்கும் இடைவெளி) குறித்து வையுங்கள். பிறகு விறாந்தைப் பெட்டியைத் திறந்து, பின்னறைக்குப் போகும் இரு கம்பிகளையும் கழற்றுங்கள். வெளியிலிருந்து வரும் கம்பிகளில் கை வைக்கவேண்டாம், மணி வந்தால் சுரீரென்று பிடிக்கும். ரவுட்டரை விறாந்தையிலேயே செருகி மீண்டும் பாருங்கள். வேகமோ மார்ஜினோ ஏறினால் குற்றவாளி உங்கள் வீட்டுக் கூரைக்குள் இருக்கிறது. மார்ஜின் 6 டெசிபலுக்குக் கீழே இறங்கிய லைன் சிறு இரைச்சலுக்கும் விழும்.

பின்னறை வயரைக் கழற்றாமல், அதன் மறுமுனையில் ஒன்றும் செருகாமல் விட்டால் தீங்கில்லை என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. சமிக்ஞை அந்த வெறும் முனைவரை போய்த் திரும்பி வந்து மோதும். அப்படியான 30 மீற்றர்க் கிளை வயர் ஒன்று 1.6 மெகாஹேர்ட்ஸ் அளவில் சமிக்ஞையில் ஒரு பள்ளமே தோண்டிவிடும்.

லண்டன் வாசி:
இங்கே பிரித்தானியாவில் மணிக்கென்று மூன்றாம் முனையில் தனி வயர் உண்டு. அதைக் கழற்றினாலே பலருக்கு வேகம் ஏறியது. அங்கேயும் பார்க்கலாமே?

சுன்னாகம் லைன்காரர்:
அது உங்கள் ஊர் முறை. இங்கே இலங்கையில் வேலை செய்வது இரண்டே கம்பிகள், மூன்றாவதைத் தேடவேண்டாம்.

கோண்டாவிலான்:
செய்தேன் அண்ணா. விறாந்தையில் 9 மெகாபிட்! வளைக்கு மேலே கறுப்பு டேப் சுற்றிய மூட்டு ஒன்று இருந்தது. அவிழ்த்தால் செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு, தொட்டவுடன் கம்பி முறிந்தது. கூரை ஒழுக்கு அதற்கு நேர் மேலே. ஆனால் அம்மாவுக்குப் பின்னறையில் தொலைபேசி வேண்டும்.

சுன்னாகம் லைன்காரர்:
அம்மாவின் தொலைபேசியை எடுக்கவேண்டியதில்லை. குரலையும் இணையத்தையும் பிரிக்கும் ஸ்பிளிட்டரை விறாந்தைப் பெட்டியிலேயே பூட்டி, அதன் தொலைபேசி வாயிலிருந்து பின்னறைக்குப் புது வயர் இழுங்கள். முறுக்கிய சோடி வயராக, இடையில் மூட்டில்லாமல். இணையச் சமிக்ஞை அந்தப் பக்கம் போகவே போகாது. மகளின் அறைக்கு ரவுட்டரிலிருந்து கேட்5 எனும் கணினி வலையமைப்புக் கேபிள் போதும். ஒழுகும் கூரை ஓடுகளையும் மாரிக்கு முன் மாற்றிவிடுங்கள்.