ஃப்ரீமேசன் லாட்ஜ்: வீட்டில் கண்டதும் உள்ளே கண்டதும்

மாதத்தில் ஒரு சாயங்காலம் அப்பா கறுப்பு சூட் போட்டுக்கொண்டு, தட்டையான தோல் பெட்டியோடு எழும்பூர் ஃப்ரீமேசன்ஸ் ஹாலுக்குக் கிளம்புவார். "லாட்ஜுக்குப் போறேன்" என்பார். ஃப்ரீமேசன் என்பது சடங்குகளோடு கூடும் ஒரு சகோதரச் சங்கம், அதன் கிளைக்குப் பெயர்தான் லாட்ஜ். ஆனால் நம் ஊரில் லாட்ஜ் என்றால் ரூம் எடுத்துத் தங்கும் இடமாயிற்றே, பள்ளியில் இதைப் பற்றி நான் வாயே திறந்ததில்லை.

பெட்டிக்குள் வெள்ளைக் கையுறையும், இளநீலக் கரை வைத்த ஆட்டுக்குட்டித் தோல் ஏப்ரனும் இருக்கும். உறுப்பினர்கள் ஏறும் மூன்று படிகளில் மூன்றாவதைத் தாண்டினால்தான் அந்த நீலம். புதிதாகச் சேர்ந்தவருக்கு வெறும் வெள்ளை.

அப்பா ஒரு வருடம் மாஸ்டராக, அதாவது லாட்ஜின் தலைவராக, இருந்தார். கிழக்குப் பக்க நாற்காலி அவருடையது. மேற்கிலும் தெற்கிலும் அவருக்கு அடுத்த பொறுப்பிலிருக்கும் வார்டன்கள். வருடம் முடிந்ததும் அடுத்தவரைத் தன் கையாலேயே அதில் உட்காரவைத்துவிட்டு இறங்கினார். பிற்பாடு அவரை டைலர் ஆக்கினார்கள். உருவிய வாளோடு கதவுக்கு வெளியே காவல் நிற்கும் பொறுப்பு அது. ஆபீஸில் முன்னூறு பேர் எழுந்து நின்ற மனிதர், தன்னைவிட இருபது வயது இளையவர்கள் உள்ளே சபை நடத்த, வராந்தாவில் நின்றார். "கஷ்டமா இல்லையாப்பா?" என்று கேட்டேன். "நான் உள்ளே இருந்தப்போ ஒருத்தர் வெளியே நின்னாரேம்மா" என்றார்.

பெண்களுக்கு அங்கே இடமில்லை என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

*

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். நானும் ஒரு ஃப்ரீமேசன், லாட்ஜில் சேர்ந்து ஒன்பது வருடம். யாரும் கூப்பிடவில்லை, நானாகப் போய்க் கேட்டேன். கடவுள் நம்பிக்கை உண்டா என்றார்கள். எந்தக் கடவுள் என்று கேட்கவில்லை. கீதை, குர்ஆன், பைபிள் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மத விவாதம், கட்சிப் பேச்சு இரண்டும் உள்ளே கூடாது.

முதல் நாள் சடங்குக்கு முன் பர்ஸ், மோதிரம், சில்லறை வரை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பிறகு எல்லார் முன்னாலும், ஏழைகளுக்கு ஏதாவது கொடுங்கள் என்றார்கள். கை தானாக இடுப்புப் பக்கம் போனது. ஒன்றுமில்லை. உடம்பே கூசிவிட்டது. சிக்னலில் கை நீட்டுபவர்களைப் பார்த்தால் இன்றும் அந்த நிமிடம்தான் ஞாபகம் வருகிறது.

*

மூன்றாவதாக நானும் சொல்கிறேன். ஃப்ரீமேசனை வெள்ளைக்காரர் சங்கம் என்று ஒதுக்குபவர்களுக்கு ஒன்று: ஆற்காடு நவாபின் மகன் உம்தத்-உல்-உமரா 1770களிலேயே திருச்சியில் சேர்ந்திருக்கிறார். 1961 முதல் இந்தியாவுக்கென்றே தனி கிராண்ட் லாட்ஜ், அதாவது லாட்ஜுகளுக்கு மேலான தலைமை அமைப்பு, இருக்கிறது.

ஃப்ரீமேசனாக இருந்த என் தாத்தா இறந்தபோது, லாட்ஜிலிருந்து முன்பின் தெரியாத நான்கு பேர் வந்து கடைசிவரை நின்றார்கள். அடுத்த மாதத்திலிருந்து பாட்டி பெயருக்கு மணியார்டர் வந்தது. அனுப்பியவர் பெயரைப் பாட்டி எங்களிடம் சொன்னதே இல்லை.